அவசர ஊர்தியிலிருந்து செவிலியர் பணிக்கு: இல்லாத ஏணியும் மறுக்கப்படும் உரிமையும்

108 அவசர ஊர்திக்கு மருத்துவ உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்க மாவட்டந்தோறும் நடக்கும் முகாம்களுக்கான அறிவிப்பை ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களும் வரலாம். தேர்வு பெற்றவர்களுக்கு 50 நாள் பயிற்சி. அதன்பின் இரவு, பகல் என மாறி வரும் 12 மணி நேர வேலை. நான்காண்டுச் செவிலியர் பட்டமும் மூன்றாண்டு விலங்கியல் பட்டமும் ஒரே இருக்கையில் அமரும் பணி இது. ஐந்தாண்டுகள் கழித்து இறங்கும்போதுதான் வேறுபாடு தெரியும். செவிலியர் பட்டம் பெற்றவர் மருத்துவமனைக்குள் நுழையலாம். விலங்கியல் படித்தவர் ஐந்தாண்டுக்கு முன்பு ஏறிய இடத்திலேயே இறங்குவார்.

இரண்டாமவர் யார் என்பதையும் பேச வேண்டும். ஊருக்கு அருகிலிருக்கும் அரசு கலைக் கல்லூரியில் கிடைத்த அறிவியல் பாடத்தைப் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வெளியே வந்து, முதுகலைக்கோ போட்டித் தேர்வுப் பயிற்சிக்கோ வழியில்லாமல் உடனடியாகச் சம்பளம் தேடுபவர். சேரியிலிருந்து வரும் பட்டதாரிகளுக்கு இந்தப் படம் புதிதன்று. அவர்களுக்கு 108 திறக்கும் கதவு மதிப்பு வாய்ந்ததே. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் படிக்கட்டு இல்லை.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய இச்சேவை அரசின் பணத்தில் நடக்கிறது, அரசின் பெயரைத் தாங்கி ஓடுகிறது. எனினும் ஊழியரை நியமிப்பது ஒப்பந்த நிறுவனம். எனவே அரசுப் பணி நியமனத்திற்குரிய 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடும், அதற்குள் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும், பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் இங்கே செல்லுபடியாவதில்லை. அரசு மருத்துவமனைச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமோ இனச்சுழற்சி முறையைப் பின்பற்றியாக வேண்டும். ஆகவே அவசர ஊர்தியிலிருந்து செவிலியர் பணிக்கு மாறுவது வெறும் தொழில் மாற்றமன்று. இட ஒதுக்கீடு இல்லாத வெளியிலிருந்து அது உள்ள வெளிக்குக் கடந்து வருவதாகும். அந்தப் பாதை ஏன் அடைபட்டிருக்கிறது என்ற கேள்வி நமக்கு முக்கியமாவது இதனால்தான்.

முதலில் வேலையின் தன்மையைப் பார்ப்போம். ஊர்தியில் இருப்பவர் மூச்சுப்பாதையைச் சீர்செய்கிறார், உயிர்வளி கொடுக்கிறார், உடைந்த எலும்பை அசையாமல் கட்டுகிறார், இரத்தப்போக்கை நிறுத்துகிறார். கட்டுப்பாட்டு மையத்திலிருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லி அவர் கூறும் மருந்தைக் கொடுக்கிறார். சாலையோரம் வண்டியை நிறுத்திப் பிரசவம் பார்க்கிறார். பத்துப் பேர் கத்திக்கொண்டு நிற்கும் இடத்தில் யாரை முதலில் தூக்குவது என்று நொடிகளில் முடிவெடுக்கிறார். இந்தத் திறனைக் கொண்டுவரும் ஒருவர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் முதல் நாளிலிருந்தே பயன்படுவார்.

ஆனால் செவிலியம் இதன் நீட்சி மட்டுமன்று. ஊர்தியில் ஒரு நோயாளியோடு கழிவது அரை மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். வார்டில் ஒரே ஆளை இருபது நாள் பார்க்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, எத்தனை மில்லி உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று கணக்கு வைப்பது, எடைக்கேற்ற மருந்தளவைக் கணித்துக் கொடுத்து விளைவைக் கவனிப்பது, நோய்த்தொற்று பரவாமல் காப்பது, மெல்ல மோசமாகும் உடலின் சிறு அறிகுறியை மருத்துவருக்கு முன்பே கண்டுபிடிப்பது: இவற்றுக்குப் பொறுமையான வேறொரு கண் வேண்டும். உடற்கூற்றியல், மருந்தியல், சமுதாய நலம், மனநலம் ஆகியவற்றை முறையாகப் படிக்காமல் அந்தக் கண் வாய்க்காது. அனுபவம் இருக்கிறதே, நேரே செவிலியராக்குங்கள் என்று கேட்பது தவறான கோரிக்கை. ஏற்கெனவே கற்றதை ஏன் கணக்கில் எடுக்க மறுக்கிறீர்கள் என்பதே சரியான கேள்வி.

கணக்கில் எடுக்காததற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. செவிலியத்துக்குள்ளே ஓர் ஏணி உண்டு. ஏ.என்.எம். பதிவு பெற்றவர் ஜி.என்.எம். சேரலாம், அவருக்கு வயது வரம்புகூட இல்லை. ஜி.என்.எம். முடித்தவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியாகலாம், பின்பு எம்.எஸ்சி. செல்லலாம். அவசர மருத்துவ உதவியாளர் இந்த ஏணியின் எந்தப் படியிலும் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தன் அட்டவணையில் பெயர் குறிப்பிட்டு அங்கீகரித்தது. செவிலியத்துக்கு 2023இல் தனி ஆணையச் சட்டம் வந்தது. இரண்டு சட்டங்கள், இரண்டு பதிவேடுகள். ஒன்றில் சேர்ந்த அனுபவம் மற்றொன்றில் ஒரு பருவத்தைக்கூடக் குறைக்காது. அமெரிக்காவில் பாராமெடிக்குகளுக்கென்றே சில சமுதாயக் கல்லூரிகள் இணைப்புப் படிப்பு நடத்துகின்றன. முன்பு கற்ற பாடங்களுக்கு அங்கே விலக்கு உண்டு, பதிவுத் தேர்வு மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. இங்கே +2 முடித்த பதினேழு வயதினரோடு 28 வயதுக்காரரும் முதலாண்டில் உட்கார வேண்டும்.

உட்காரத் தயாராக இருப்பவருக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அனைவரும் அறிந்த விதி. பலர் அறியாத விதி வேறொன்று: கல்வியின் ஒரு நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவித்தொகை கிடையாது. விலங்கியல் பட்டதாரி மீண்டும் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால் அது அதே நிலைதான். அவசர ஊர்திக்கு அழைத்துவந்த பட்டமே, செவிலியர் கல்லூரி வாசலில் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை இரண்டாவது பட்டத்தைச் சொந்தப் பணத்தில் படித்துவிடும். யாரையும் பெயர் சொல்லி ஒதுக்காத விதி, யாரை ஒதுக்குகிறது என்று பாருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தாலும் உதவித்தொகை இல்லை. இதை மறைத்து, அரசு எல்லாம் கட்டிவிடும் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்கும் முகவர்கள் கோடைக்காலத்தில் நம் தெருக்களுக்கும் வருகிறார்கள்.

ஏட்டில் ஏறாத திறனுக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960களின் அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரில் அவசர நோயாளிகளை ஏற்றிச் சென்றது காவல்துறை வண்டி. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அது வருமா என்பதே உறுதியில்லை, வந்தாலும் வண்டியில் சிகிச்சை இல்லை. 1967இல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை உருவானது. வேலை இல்லாதவர்கள், வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த கடுமையான பயிற்சி அளிக்கப்பட்டது. இதய நுரையீரல் மீட்பு முறையை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர் அவர். பின்னாளில் அச்சேவையின் மருத்துவ இயக்குநராக இருந்த நான்சி கரோலைன் எழுதிய பாடநூல் நாடெங்கும் பாராமெடிக்குகளுக்குப் பாடமானது. இந்த இளைஞர்கள் தெருவில் நிறுவிக்காட்டிய முறை ஒரு தேசத்தின் தரநிலையாயிற்று. ஆனால் 1975இல் மாநகராட்சி சேவையைத் தன்வசம் எடுத்துக்கொண்டபோது, புதிய தேர்வுகளும் விதிகளும் வந்தன. முன்னோடிகளில் பலர் படிப்படியாக வெளியே தள்ளப்பட்டனர். உழைப்பு நிலைத்தது, உழைத்தவர்கள் நிலைக்கவில்லை.

செவிலியர் பணிக்குப் போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. 2015இல் தேர்வு வாரியம் வழியே தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். இரண்டாண்டுகளில் காலமுறை ஊதியம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தபோது, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு போராடினர். ஊதியம் பின்னர் உயர்ந்தது, ஆனால் ஒப்பந்த முறை தொடர்கிறது. இட ஒதுக்கீடு உள்ள வெளியிலும் நிரந்தரம் என்பது வரிசையில் நின்று பெற வேண்டியதாகவே இருக்கிறது.

இப்போது 108இல் இருப்பவரோ சேர நினைக்கும் மாணவரோ கவனிக்க வேண்டியவை சில. +2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர் பி.எஸ்சி. நர்சிங்கிற்கு விண்ணப்பிக்கலாம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுப்பிரிவுக்கு 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு போதும். ஜி.என்.எம். படிப்புக்கு அறிவியல் அல்லாத பிரிவினரும் தகுதியுடையவர்களே, ஆனால் 35 வயதைத் தாண்டக் கூடாது. கல்லூரியின் அங்கீகாரத்தைக் கவுன்சிலின் பட்டியலில் சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். பட்டப்படிப்பையே இன்னும் தொடங்காதவராயின், விலங்கியலில் சேர்ந்து பிறகு யோசிப்பதைவிட, முதல் பட்டமாகவே செவிலியத்தையோ எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் படிப்பையோ தேர்ந்தால் உதவித்தொகைச் சிக்கல் எழாது.

இயக்கங்கள் கேட்க வேண்டியவை வேறு. உதவித்தொகையின் அதே நிலை விதியிலிருந்து மருத்துவச் சேவையில் பணிபுரிந்தோருக்கு விலக்கு; அரசு செவிலியர் கல்லூரிகளில் 108 ஊழியர்களுக்கு, சுழற்சி முறையைப் பின்பற்றி, தனியாகச் சில இடங்கள்; இரு ஆணையங்களும் ஏற்கும் இணைப்புப் படிப்பு. இவற்றில் முதலாவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விதி மத்திய அரசுடையது என்றாலும், தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை மாநில நிதியிலிருந்து ஓர் அரசாணையின் வழியே இதைச் செய்யலாம்.