கோயில் இட்லி ஊரில் டோஃபு காளான் நூடுல்ஸ்!

காஞ்சிபுரத்து சைவ வீடுகளில் சாயங்காலப் பஞ்சாயத்து இதுதான். 'நூடுல்ஸ் வேணும்' என்கிறது பிள்ளை. 'முட்டை போட்ட அதே கடாயிலதான் உனக்கும் கிளறுவாங்க கண்ணு' என்கிறார் பாட்டி. நியாயம்தானே! கடை ருசி வீட்டிலேயே வரும். தண்ணீரை அடக்கத் தெரிந்தால் போதும்.

காளானில் சுமார் 90 சதவிகிதம் தண்ணீர். நூடுல்ஸோடு சேர்த்துப் போட்டால் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். நன்றாகக் காய்ந்த இரும்புக் கடாயில் காளானை மட்டும், உப்பு போடாமல், நீர் வற்றும்வரை வதக்குங்கள். நம் வெயிலுக்கு விளையும் பால் காளான் என்றால் இன்னும் நல்லது, சதைப்பற்று அதிகம். டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே கனமாக எதையாவது வைத்து 15 நிமிடம் நீரை வடியவிட்டு, பொன்னிறமாக வறுங்கள். நூடுல்ஸை முக்கால் பதத்தில் வடித்து, எண்ணெய் தடவி ஆறவையுங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, பெரிய தீயில் இரண்டே நிமிடம்.

வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடா? வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மணக்கும் மிளகு, சீரகம், சுக்கையே ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுங்கள். சோயா சாஸ் ஒரு டீஸ்பூன் போதும், அதிலேயே உப்பு உண்டு.

காளான் தொடாத பாட்டிக்கு? டோஃபு நூடுல்ஸை முதலில் கிளறி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் காளானுக்கு அடுப்பைப் பற்றவையுங்கள்.