கேப்டனிடம் கேட்கப்படாத கேள்வி

அமெரிக்கப் பயணிகள் விமானங்களில், விமானத்தைச் செலுத்தும் இருவருடைய இருக்கைகளுக்குப் பின்னால், விமானி அறைக்குள்ளேயே ஒன்றோ இரண்டோ கூடுதல் இருக்கைகள் உண்டு. துறையினர் 'ஜம்ப்சீட்' என்று வழங்கும் இந்த இருக்கையில் அமரும் முதல் உரிமை, பறக்கும்போதே விமானிகளின் பணியைக் கண்காணிக்க வரும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் (எஃப்.ஏ.ஏ.) ஆய்வாளர்களுக்கு உரியது. ஆய்வாளர் வராதபோது அதே நிறுவனத்தின் விமானிகளும், பரஸ்பர உடன்பாடு கொண்ட பிற நிறுவனங்களின் விமானிகளும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம். பயணிகள் பகுதியில் இடம் காலியாக இருந்தால் அவர்கள் பெரும்பாலும் அங்கேயே அமர்த்தப்படுவார்கள். அது நிரம்பிவிட்டால்தான் விமானி அறை இருக்கை தேவைப்படும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பணியாளர் சலுகைகளுள் ஒன்றாகத் தோன்றக்கூடும்; ஆனால் அமெரிக்க விமானத்துறையின் பணியமைப்பே இதைச் சார்ந்து நிற்கிறது. ஒவ்வொரு விமானிக்கும் 'பேஸ்' எனப்படும் பணித்தளம் ஒன்று ஒதுக்கப்படுகிறது. எந்தத் தளம், எந்த விமானம், எந்த நாட்களில் பணி என்பவை பெரும்பாலும் பணிமூப்பின்படி முடிவாவதாலும், நிறுவனம் தன் வணிகத் தேவைக்கேற்பத் தளங்களைத் திறந்தும் மூடியும் வருவதாலும், குடும்பத்தை ஓரூரில் நிலைநிறுத்திக்கொண்டு வேறொரு மாநிலத்திலுள்ள தளத்துக்கு வானில் சென்று பணியேற்பது பல விமானிகளுக்கு வழக்கமாகிவிட்டது. இப்படி வந்து சேர்வது விமானியின் சொந்தப் பொறுப்பாகவே கருதப்படுகிறது. தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பலவற்றில், இடமிருந்த விமானங்களில் முயன்றும் வர இயலாமற்போன விமானியைத் தண்டனையிலிருந்து காக்கும் பிரிவு இருப்பினும், அந்தப் பாதுகாப்பு கிடைக்க அவர் உரிய நேரத்தில் முயன்றதைக் காட்டியாக வேண்டும்.

விமானிகளின் மனக்குறை தொடங்கும் இடம் புறப்பாட்டு வாயில். கேப்டனின் இசைவின்றி எந்த விமானியும் ஜம்ப்சீட்டில் அமர முடியாது என்பது எல்லா நிறுவனங்களிலும் ஊன்றிப்போன நடைமுறை. பாதுகாப்புக் கருதி ஒருவரை விமானி அறையிலிருந்து விலக்கும் அவசர அதிகாரத்தைக் கேப்டனுக்கு விதியும் உறுதிசெய்கிறது. ஆனால் கேப்டனைச் சென்றடைவதற்கு வாயில் பணியாளரான 'கேட் ஏஜென்ட்'டைக் கடந்தாக வேண்டும். "விமானம் நிறைந்துவிட்டது" என்று அவர் சொல்லும்போது பயணிகள் பகுதி மட்டுமே நிறைந்திருக்கலாம். "எடை வரம்பு இருக்கிறது" என்று அவர் சொல்லும்போது, எரிபொருளையும் சுமையையும் மறுகணக்கிட்டு ஒருவருக்கு இடம் காண முடியுமா என்று டிஸ்பேட்சர் எனப்படும், தரையிலிருந்து பறப்பைத் திட்டமிடும் அலுவலரிடம் கேப்டன் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு இன்னும் மீதமிருக்கலாம். அந்தக் கேள்வி கேப்டனின் காதை எட்டுவதற்கு முன்பே கதவு மூடப்பட்டு, தமக்குப் பின்னால் ஓர் இருக்கை காலியாகவே சென்றதன் காரணத்தை அறியாமல் அவர் விமானத்தை எடுத்துச் சென்றுவிடுவதுதான் விமானிகளை மிகவும் வதைக்கிறது.

இதில் வாயில் பணியாளரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. கதவடைக்கும் நிமிடம் குறித்து மேலதிகாரி கேள்வி கேட்பது அவரைத்தான். காத்திருப்போர் பட்டியல், இணைப்பு விமானத்தைப் பிடிக்க ஓடிவரும் பயணிகள், இடமில்லாமல் திரும்பும் பெட்டிகள் என எல்லாம் கடைசிப் பதினைந்து நிமிடங்களில் அவர்மேல் வந்து விழுகின்றன. பிற நிறுவன விமானியை ஏற்றுவதென்றால் இவற்றோடு அடையாளச் சரிபார்ப்பும் சேர்கிறது. பிழை, ஒரு பாதுகாப்பு அதிகாரத்தின் திறவுகோலை, நேரந்தவறாமையால் மட்டுமே மதிப்பிடப்படும் ஒரு மேசையில் வைத்துவிட்ட நிறுவன அமைப்பினுடையது.

சரிபார்ப்பு கடுமையானதற்கு வலுவான வரலாற்றுக் காரணங்கள் உள்ளன. 1994 ஏப்ரல் 7 அன்று மெம்ஃபிஸிலிருந்து புறப்பட்ட ஃபெடெக்ஸ் 705 சரக்கு விமானத்தில், ஜம்ப்சீட் பயணியாக ஏறிய அந்நிறுவன ஊழியர் ஒருவரே சுத்தியலால் விமானிகளைத் தாக்கினார். படுகாயமுற்ற நிலையிலும் அவர்கள் அவரை அடக்கி விமானத்தைத் தரையிறக்கினர். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் பிற நிறுவன விமானிகளுக்கு விமானி அறை அடைக்கப்பட்டது. 'காஸ்' என்று சுருக்கி வழங்கப்படும் விமானி அறை நுழைவுப் பாதுகாப்பு முறை, அதாவது வருபவரின் படத்தையும் பணி நிலையையும் அவருடைய நிறுவனத்தின் தரவுகளோடு வாயிலிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி ஏற்பாடு, வந்த பிறகே அந்த அறை அவர்களுக்கு மீண்டும் திறந்தது. எனினும் வருபவர் விமானிதானா என்பதைத்தான் அந்த முறை சொல்லும், அவருடைய மனநிலையைச் சொல்லாது. 2023 அக்டோபர் 22 அன்று எவரெட்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சென்ற ஹொரைசன் ஏர் விமானத்தில், ஜம்ப்சீட்டில் இருந்த விமானி இயந்திரங்களை அணைக்கும் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்க முயன்றார். அன்று பணி இல்லையென்றாலும், அவர் முறைப்படி விமானியாக வேலையில் இருந்தவரே. ஆகவே, வந்தவரை நேரில் கண்டு இரண்டு வார்த்தை பேசி முடிவெடுக்கும் கேப்டனின் பங்கு எந்தக் கணினியாலும் ஈடுசெய்யப்படாதது. அவரைத் தவிர்த்துவிட்டு வாயிலிலேயே முடிவெடுப்பதை எதிர்க்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அந்த அதிகாரமும் எப்போதும் பாதுகாப்புக்காக மட்டுமே செலுத்தப்பட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1980களின் வேலைநிறுத்தங்களில் பணிக்குச் சென்றவர்களுக்கு, பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கேப்டன்கள் ஜம்ப்சீட் மறுத்தார்கள்.

மறுபக்கத்தில், கூடுதலாக ஒரு விமானி இருப்பது உயிர்காப்பாகவும் அமையக்கூடும் என்பதற்கு இந்தோனேசியாவில் நிகழ்ந்தது சான்று. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கு, பழுதான உணரியின் காரணமாகத் தானாகவே கீழ்நோக்கித் தள்ளப்பட்டபோது, பணியில் இல்லாமல் விமானி அறையில் அமர்ந்திருந்த மூன்றாவது விமானியின் துணையோடு விமானத்தைச் செலுத்திய இருவரும் நிலைமையைச் சமாளித்தனர். மறுநாள் காலை அதே விமானம், மூன்றாமவர் இல்லாமல், கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர்.

இவை அரிய நிகழ்வுகள். அன்றாடம் விமானியை வாட்டுவது தூக்கமின்மை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே வீழ்ந்து 50 பேரைப் பலிகொண்ட கோல்கன் ஏர் விமானத்தின் துணை விமானி, நியூவர்க்கில் பணியேற்பதற்காக முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானங்களில் வந்தவர். விமானிகளின் செயல்திறன் களைப்பால் குன்றியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், எந்த அளவுக்கு என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கூறியது. 2014இல் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதி, பணிக்கு முன் பத்து மணிநேர ஓய்வையும் அதற்குள் எட்டு மணிநேரம் இடையூறின்றி உறங்கும் வாய்ப்பையும் கட்டாயமாக்கியது. வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணத்தை மட்டும் அது பணியாகக் கணக்கிடவில்லை. ஆகவே மாலை விமானத்தில் வாயிலிலேயே திருப்பப்பட்டு, நள்ளிரவு விமானத்தில் இடம் பிடித்து, விடியலில் வந்து சேரும் விமானி, ஏட்டளவில் ஓய்விலேயே இருந்தவராகிறார். பணிக்குத் தகுதியான நிலையில் இருப்பதாக ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அவரே உறுதியளிக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அந்த உறுதிமொழியில் பொய் கலவாதிருக்கும் வாய்ப்பை, முந்தைய மாலை கேப்டனிடம் கேட்கப்படாமற்போன ஒரு கேள்வி அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.