நர்ஸ் ஆகத் தடையா பழைய தண்டனை?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1993-ல் ஒரு பெண், வாழ்க்கை பிடிபடாத வயதில், சாண்ட்விச் கடையொன்றின் கல்லாவில் கைவைக்கப் பார்த்தார். கொள்ளை முயற்சி என்று வழக்கு, தண்டனை, சிறை. பல ஆண்டுகள் கழித்து நர்சிங் படித்து முடித்தார். உரிமத் தேர்வு எழுதப் போனபோது, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது மாநில அரசு.

காரணம் அவர் கல்லாவில் கைவைத்தது மட்டுமல்ல. பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற மருத்துவர்கள் சிலர் தொடர்ந்து நோயாளிகளைப் பார்த்துவந்ததை சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் அம்பலப்படுத்தியிருந்தது. அந்தச் சூட்டில் 2011-ல் இலினாய் ஒரு சட்டம் போட்டது. அதன் பட்டியலில் பாலியல் குற்றங்களோடு, கொள்ளை போன்ற வன்முறைக் குற்றங்களும் இருந்தன. அவற்றில் ஒன்றில் தண்டனை பெற்றிருந்தால் மருத்துவத் துறை உரிமம் ஆயுளுக்கும் கிடையாது. எத்தனை ஆண்டுக்கு முந்தையது என்ற கேள்விக்கே இடமில்லை. 2014-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்தப் பெண் விடவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசினார். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் குற்றவாளிகளுக்கான தடை நீடித்தது. மற்றவர்கள் குறிப்பிட்ட காலம் கழிந்தபின் மனுச் செய்யலாம் என்று வழி பிறந்தது.

தண்டனை அனுபவித்து முடித்தவரை மறுபடி தண்டிக்கலாமா என்ற வாதம் அமெரிக்காவில் பழையது. 1878-ல் தண்டனை பெற்ற ஹாக்கர் என்ற நியூயார்க் மருத்துவர், பின்னாளில் வந்த ஒரு சட்டத்தால் தொழில் செய்ய முடியாமல் போனார். 1898-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது தண்டனை அல்ல, தொழிலுக்கான தகுதி என்று சொல்லி வழக்கை முடித்தது. இன்றைய உரிம வாரியங்கள் நிற்பது இந்த வாதத்தின் மேல்தான்.

வாரியங்களின் அச்சத்தையும் அலட்சியமாகத் தள்ள முடியாது. மயக்கத்தில் கிடப்பவர் உடம்பு, மூதாட்டியின் மோதிரம், மார்ஃபினும் ஃபென்டனிலும் வைத்த அலமாரியின் சாவி எல்லாம் நர்ஸ் கையில் இருக்கிறது. ஆனால் பழைய தண்டனையைத் தேடிப் பிடிப்பதே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. 29 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட நர்ஸ் சார்லஸ் கல்லன், நியூஜெர்சி, பென்சில்வேனியா மருத்துவமனைகளில் 16 ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர்மீது எழுந்த சந்தேகங்களை ஒரு மருத்துவமனை அடுத்த மருத்துவமனைக்குச் சொல்லவில்லை. 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'தி குட் நர்ஸ்' பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஊழியர்பற்றிய தகவலைப் பகிர வேண்டும் என்று நியூஜெர்சி சட்டம் இயற்றியது 2005-ல்தான்.

அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் தருவது மத்திய அரசு அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அமைப்பு, ஒரு சட்டம். உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எல்லோருக்கும் பொதுதான். அதில் தேறுவது வேறு, உரிமம் கையில் வருவது வேறு. பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பதாரரின் கைரேகை எஃப்.பி.ஐ. பதிவுகளோடு ஒப்பிடப்படுகிறது. பிறகு வாரியம் பார்ப்பது இவற்றைத்தான்: என்ன குற்றம், எப்போது, அப்போது வயது என்ன, நர்ஸ் வேலையோடு அதற்கு என்ன தொடர்பு, அதற்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்.

கலிஃபோர்னியா சற்றுத் தாராளம். 2020 ஜூலை முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டப்படி, பெரும்பாலான குற்றங்களில் ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய தண்டனையைக் காட்டி உரிமம் மறுக்க முடியாது. கடுமையான குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஃப்ளோரிடா நேரெதிர். மருத்துவ மோசடி, போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றங்களுக்கு, குற்றத்தின் தரத்தைப் பொறுத்து 5, 10, 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். டெக்சஸ் சட்டம் கொலை, ஆள்கடத்தல், பாலியல் வன்முறை போன்றவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுக் கதவை அடைக்கிறது.

அதே டெக்சஸில்தான் பாராட்ட வேண்டிய ஓர் ஏற்பாடும் இருக்கிறது. நர்சிங் கல்லூரியில் சேரும் முன்பே, 'எனக்கு இப்படி ஒரு பழைய வழக்கு உண்டு. படித்து முடித்தால் உரிமம் தருவீர்களா?' என்று வாரியத்திடம் மனுப்போட்டு முடிவு பெறலாம். கடன் வாங்கிப் படித்துவிட்டுக் கடைசியில் கைபிசைந்து நிற்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வழி இல்லாத மாநிலம், மாணவரின் பணத்தோடும் காலத்தோடும் விளையாடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தில் மிகப் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தீர்ப்பைத் தள்ளிவைத்து, கண்காணிப்புக் காலம் ஒழுங்காக முடிந்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்யும் முறை டெக்சஸில் உண்டு. வக்கீலும் 'இனி உன்மேல் ஒன்றும் இல்லை' என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். வேலைக்கான படிவத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டெக்சஸ் நர்சிங் வாரியம் அதையும் சொல்லச் சொல்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கும் அப்படித்தான். அதைச் சாதாரணப் போக்குவரத்து அபராதம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கைரேகை அதைக் காட்டிக்கொடுக்கும்போது, பழைய குற்றத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகிவிடுகிறது. இருபது வயதில் செய்தது அறியாமை என்று வாரியம் ஏற்கலாம். இப்போது படிவத்தில் சொன்ன பொய்க்கு அந்தச் சமாதானம் எடுபடாது.

உண்மையைச் சொல்பவர் வெறுங்கையோடு போகக் கூடாது. நீதிமன்றத்தின் சான்றளித்த நகல்கள், அபராதமும் கண்காணிப்பும் முடிந்ததற்கான சான்று, போதைப் பழக்கம் இருந்திருந்தால் சிகிச்சைக் கடிதம், ஆசிரியரும் மேலதிகாரியும் தரும் பரிந்துரை எல்லாம் வேண்டும். கூடவே தன் கைப்பட ஒரு விளக்கம். அதில் நண்பர்கள் கெடுத்தார்கள், போலீஸ் பொய் வழக்குப் போட்டது என்று எழுதுவது வேலைக்காகாது. சிலருக்கு உரிமம் நிபந்தனையோடு வரும்: மேற்பார்வையில் மட்டும் வேலை, திடீர் போதைப் பரிசோதனை, வலிநிவாரணி அலமாரி பக்கம் போகத் தடை.

உரிமம் கிடைத்தாலும் சிக்கல் தீராமல் போகலாம். 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துள்ள உடன்படிக்கையின் கீழ், ஒரே உரிமத்தில் அவை எல்லாவற்றிலும் வேலை செய்யலாம். அங்கே ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அந்த உரிமம் இல்லை. ஒரு மாநிலத்துக்கு மட்டுமான உரிமம்தான் கேட்கலாம். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் மோசடி செய்தோ நோயாளியைத் துன்புறுத்தியோ தண்டனை பெற்றவரை மத்திய அரசு குறைந்தது ஐந்து ஆண்டுகள் விலக்குப் பட்டியலில் வைக்கிறது. அந்தப் பணத்தில் ஓடும் மருத்துவமனை எதுவும் அவரை வேலைக்கு வைக்காது.

சென்னையில் என்கிளெக்ஸ் எழுதிவிட்டு விமானம் ஏறக் காத்திருக்கும் நம் ஊர் நர்சுகளுக்கும் இதில் பங்கு உண்டு. நம் பேச்சில் எஃப்.ஐ.ஆர். போட்டாலே 'கேஸ் ஆகிவிட்டது'. ஆனால் கைது, நிலுவையிலுள்ள வழக்கு, தண்டனை மூன்றும் வெவ்வேறு. சில வாரியங்கள் தண்டனையை மட்டும் கேட்கின்றன. சில நிலுவை வழக்கையும் கேட்கின்றன. விசாவுக்கு வேறு கேள்விகள் தனியாக வரும். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. அந்தக் கேள்வியை நீங்களே படித்து, கேட்டதற்கு மட்டும், உண்மையாகப் பதில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன்பே வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள்.