பைக்கில் பிள்ளை, கையில் செல்போன்: சட்டம் என்ன சொல்கிறது?

கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு இன்று செல்போனும் பைக்கும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பெரம்பலூரில் சென்னை - திருச்சி நான்குவழிச் சாலை. அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பைக், ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. 5 நொடி மெசேஜ் படித்தால், 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டியிருப்போம்.

அனைவருக்கும் ஒரே சட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 18 வயதுக்குட்பட்டோர் வாகனம் ஓட்டும்போது ஹேண்ட்ஸ்ஃப்ரீயில்கூடப் பேச 2008 ஜூலை முதல் தடை உள்ளது. இந்தியாவில் இளைஞர்களுக்கென இப்படித் தனிச் சட்டம் இல்லை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்கிறது. தமிழகத்தில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதம், முதல் முறை 1,000 ரூபாய். மீண்டும் செய்தால் 10,000 ரூபாய். லைசென்ஸைத் தற்காலிகமாக ரத்து செய்யவும் வழி உண்டு.

வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம் என 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி கூறுகிறது.

18 வயது ஆகவில்லையா?

16 வயதில் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத வண்டி மட்டுமே. கிராமங்களில் சாதாரணமாகச் சிறுவர்கள் ஓட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டிக்குக்கூட 18 வயது முடிந்திருக்க வேண்டும். சிறுவர் குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீது வழக்கு வரும். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதங்களுக்கு வண்டியின் பதிவு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

போனில் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் சென்று, 'டு நாட் டிஸ்டர்ப்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதில் ஷெட்யூல் பகுதியில், பிள்ளை கல்லூரிக்குப் போகும், திரும்பும் நேரங்களைக் கொடுக்கவும். மீண்டும் மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் 'ரிப்பீட் காலர்ஸ்' வசதியை நிறுத்திவிடவும். ஐபோனில் செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங் எனச் சென்றால், வண்டி ஓடும்போது தானாகவே இயங்கும்படி அமைக்கலாம்.

'எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?' என அந்த நேரத்தில் அழைப்பவர் பல வீடுகளில் பெற்றோர்தான். எனவே உங்கள் எண்ணுக்கும் விலக்கு தர வேண்டாம்.

அபராதம் உள்ளதா எனப் பார்க்க

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்திற்குச் செல்லவும். டிஎன் 46 (பெரம்பலூர்), டிஎன் 61 (அரியலூர்) எனத் தொடங்கும் உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்து நிலவரம் அறியலாம். தள முகவரி 'ஜிஓவி டாட் இன்' என முடிகிறதா எனக் கவனிக்கவும். அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் திறக்கவே வேண்டாம். அது வங்கிக் கணக்கிலிருந்து பணம் திருடும் மோசடி.