மறதியின் மரபணுக்கள் – 9: கத்தரியைக் கட்டிப்போட்ட கதை

அல்சைமர் நோயாளியின் மூளையில் திட்டுத்திட்டாகப் படியும் பீட்டா அமிலாய்டு, ஏபிபி என்ற பெரிய புரதத்திலிருந்து வெட்டுப்பட்டு வருகிற சிறு துண்டு என்று சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு இரண்டு வெட்டு விழ வேண்டும். முதல் வெட்டைப் போடும் நொதிக்குப் பீட்டா செக்ரடேஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நொதிதான் அகப்படவில்லை.

1999-இல் அகப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஆம்ஜென் நிறுவனத்தில் ராபர்ட் வாசர், மார்ட்டின் சிட்ரன் குழுவினர் கையாண்ட முறைக்குப் பொறுமைதான் மூலதனம். அமிலாய்டைச் சுரக்கும் செல்களை வளர்த்து, அவற்றுக்குள் நூறு நூறாக மரபணுக்களைச் செலுத்தினார்கள். எந்தத் தொகுப்பு போனதும் சுரப்பு கூடியதோ அதைப் பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒற்றை மரபணுவில் வந்து நின்றார்கள். 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் அதற்குப் பேஸ்-1 என்று பெயர். சில மாதங்களுக்குள் வேறு குழுக்களும் வேறு வழியாக வந்து இதே இடத்தைத்தான் தொட்டன.

இந்தக் கத்தரி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு மனிதர்களே சாட்சி. ஏபிபி புரதத்தில், வெட்டு விழும் இடத்துக்குச் சற்று முன்னால் இரண்டு அமினோ அமிலங்கள் மாறிய குடும்பங்களை ஸ்வீடனில் 1992-இல் கண்டார்கள். பேஸ்-1 அங்கே சுலபமாக வெட்டுகிறது. அமிலாய்டு பல மடங்கு கூடுகிறது. ஐம்பதுகளிலேயே மறதி வந்துவிடுகிறது. ஐஸ்லாந்தில் நேரெதிர். வெட்டு விழும் இடத்தை ஒட்டி ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அமிலாய்டு சுமார் 40 சதவீதம் குறைவாக உருவாகிறது, அப்படி மாறியவர்களுக்கு அல்சைமர் வருவதும் அரிது என்று 2012-இல் தெரிந்தது.

அப்புறம் என்ன, கத்தரியைக் கட்டிப்போட்டால் போதுமே! பேஸ்-1 நீக்கப்பட்ட எலிகள் 2001-இல் பிறந்தன. அமிலாய்டே இல்லை, நன்றாகத் தின்றன, குட்டியும் போட்டன. மருந்து நிறுவனங்களுக்கு வேறென்ன வேண்டும்?

2006-இல் அந்த எலிகளின் கால் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை மெலிந்திருப்பது தெரிந்தது. உறை போடச் சொல்லும் நியூரெகுலின் என்ற புரதத்தை நறுக்குவதும் பேஸ்-1தான். வளர்ச்சிப் பருவத்துக்குத்தான் இது பொருந்தும், வயதானவர்களுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்ற நம்பிக்கையில் மருந்து வேலை தொடர்ந்தது.

மெர்க் நிறுவனத்தின் வெருபெசெஸ்டாட் மாத்திரை சொன்ன வேலையைச் செய்தது. தண்டுவட நீரில் அமிலாய்டு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் நோய் நிற்கவில்லை. 2017-இல் முதல் பெரிய சோதனையை நிறுத்தினார்கள். ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடம் நடத்திய அடுத்த சோதனையும் 2018-இல் நின்றது. அதில் அதிக அளவு மருந்து எடுத்தவர்களின் நினைவுத் திறன், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. தூக்கம் கெட்டது, எடை குறைந்தது, சிலருக்குத் தலைமுடியின் நிறம்கூட மாறியது. முடி விஷயத்தில் குற்றவாளி பேஸ்-2 என்ற உடன்பிறப்பு. மருந்து அதையும் சேர்த்தே முடக்கியிருந்தது. 2019 செப்டம்பருக்குள் மற்ற நிறுவனங்களின் பேஸ் மருந்துகளும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

ஐஸ்லாந்துப் பாடத்தைப் பாதிதான் படித்தார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்குக் கத்தரி பழுதாகவில்லை. ஏபிபியை மட்டும்தான் அது குறைவாக வெட்டுகிறது, அதுவும் பிறந்த நாள் முதலாக. நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளில் அதற்குள்ள மற்ற வேலைகள் வழக்கம்போல நடக்கின்றன. மாத்திரையோ எல்லா வேலையையும் ஒரேயடியாக நிறுத்தியது, அதுவும் அமிலாய்டு பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிறகு.

ஆட்டம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நோவார்ட்டிஸ், ஆம்ஜென் சோதித்த உமிபெசெஸ்டாட் என்ற பேஸ் மருந்தை நிறுத்தியதும், அதனால் வந்த நினைவுத் தடுமாற்றம் சரியானது. அளவைக் குறைத்து, பாதிக்கும் குறைவாகக் கட்டுப்படுத்தி, நோய்க்கு வெகு முன்பே கொடுத்துப் பார்க்கலாம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இன்னொரு பெரிய சோதனை வேண்டும். பணம் போட யார் வருவார்கள்?

இரண்டாவது வெட்டைப் போடும் காமா செக்ரடேஸும், அது பழுதான கொலம்பியக் குடும்பங்களும் அடுத்த வாரம்.

(தொடரும்)