ஊரில் எட்டாத கறி, அமெரிக்காவில் விருந்து!

மார்ச் 17-ந் தேதி, புனித பேட்ரிக் திருநாள். அயர்லாந்தில் 1903-ல் இருந்தே அன்று அரசு விடுமுறை.

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ்காரர் வீட்டு விருந்துக்குப் போனால், உப்பு நீரில் ஊறிய மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் தட்டில் விழும். அயர்லாந்தில் இருந்து வந்த விருந்தாளியோ, "எங்க வீட்ல இது இல்லீங்களே!" என்பார். அங்கே முட்டைக்கோசுடன் வேகிறது, உப்பிட்ட பன்றிக்கறி!

ஏன் இந்த மாற்றம்?

17, 18-ம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் மாட்டுக்கறியை உப்பிட்டு, பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் ஏற்றினார்கள். ஏழைகளுக்கு அது எட்டவில்லை. உருளைக்கிழங்குதான் கதி!

1845-ல் அந்தக் கிழங்கிலும் நோய் விழுந்தது. பட்டினியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். இன்னும் லட்சக்கணக்கானோர் பிழைப்பு தேடிக் கப்பல் ஏறினர்.

நியூயார்க்கில் பன்றிக்கறி விலை கடித்தது. பக்கத்துத் தெரு யூதர் கடையில் மாட்டுக்கறி மலிவு. ஊரில் எட்டாத கறி, போன இடத்தில் திருநாள் விருந்தாகி விட்டது!

மோர் போட்ட ரொட்டி

இரண்டு நாட்டு மேஜையிலும் இருப்பது சோடா ரொட்டி. கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர். அவ்வளவுதான்! ஈஸ்ட் வேண்டாம். மோரின் புளிப்பு பட்டதும் சோடா பொங்கி, மாவு உப்பும். அடித்துப் பிசையக்கூடாது, ரொட்டி கல்லாகிவிடும். உருட்டி, மேலே சிலுவை போலக் கீறி அடுப்பில் வைத்தால் முக்கால் மணியில் ரெடி.

விருந்தாளி கதவைத் தட்டிய பிறகுகூட மாவில் கை வைக்கலாம்!