வளரும் பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு

கன்றுக்குத் தீனி வைக்கும் குடியானவர் மறுநாட் காலையில் தொட்டியைப் பார்க்கத் தவறுவதில்லை. மிச்சம் கிடந்தால், தீனி புளித்ததோ, ஈரம் மிகுந்ததோ, கன்றுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆராய்ந்து அன்றைக்கே மாற்றிவிடுவார். அவரே தம் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பக் கொண்டுவரும் சோற்று டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. சோறு மிஞ்சியிருந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்வதோடு காரியம் முடிந்துவிடுகிறது. வயலில் எத்தனை உயர்ந்த தானியம் விளைந்தபோதிலும், உண்ணப்படாத ஆகாரத்தால் உடம்புக்குப் பிரயோஜனமில்லை. ஆகையால் பிள்ளைகள் விரும்பி உண்ணும்படி கட்டுச்சோறு அமைக்கும் விதம் ஈண்டு விளக்கப்படுகிறது.

தேவையான அளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வகுத்த கணக்கின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும், 43 கிராம் புரதமும், 30 மில்லிகிராம் இரும்புச் சத்தும் வேண்டும். அதே வயதுடைய ஆணுக்கு 2,860 கலோரி, 45 கிராம் புரதம், 22 மில்லிகிராம் இரும்பு. பெண்ணுக்கு இரும்பு மிகுதியாக வேண்டுவதற்குக் காரணம், மாதந்தோறும் இரத்தம் செலவாவதேயாகும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுள்ளவர்களாகக் காணப்பட்டனர். இரத்தசோகையுள்ள பெண் எளிதில் களைப்படைவாள். பாடத்தில் மனம் ஊன்றாது. பிற்காலத்தில் பிரசவத்தின்போதும் அபாயம் உண்டு. நாளின் தேவையில் மூன்றிலொரு பங்கு மத்தியானத்தில் கிடைக்கவேண்டியிருக்க, அந்த டப்பா பாதி நிறைந்தபடியே திரும்புவது சிறு விஷயமன்று.

தமிழ்நாட்டின் அனுபவம்

பள்ளியில் ஆகாரமளிக்கும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. சர் பி. தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி அளிக்க 1920-ல் தீர்மானித்தது. 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982 ஜூலை 1-ல் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984-ல் அது 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிக்கப்பட்டது. நெடுங்காலம் சோறும் சாம்பாருமே பெரும்பாலும் பரிமாறப்பட்டு வந்தன. 2013-ல் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஒன்றியத்தில் பலவகைக் கலவைச் சாதங்களும் மசாலா சேர்த்த முட்டையும் சோதனையாக அளிக்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டன. ஒரே பண்டத்தை நாள்தோறும் வைத்தால் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்பதை அரசினரே உணர்ந்து செய்த மாறுதல் இது. ஆனால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும், தனியார் பள்ளிகளிற் பயிலுவோரும் வீட்டுச் சோற்றையே நம்பியிருக்கின்றனர்.

கட்டும் முறை

முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவில் கடற்கரைக் கிராமமாயிருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட கொட்டிவாக்கத்தை உதாரணமாகக் கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு மூடிய டப்பா மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குத் திறக்கப்படுமாயின், ஐந்தரை மணி நேரம் அது கடற்காற்றின் புழுக்கத்தில் இருக்கிறது. அடுப்படியில் ருசித்த சோறு வகுப்பறையில் ருசிக்காமற் போவதன் மூலகாரணம் இதுவே. ஆகவே பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

(1) கொதிக்கும் சோற்றை டப்பாவில் இட்டு உடனே மூடலாகாது. நீராவி மூடியிற் படிந்து நீராய்ச் சொட்டிச் சோற்றைக் குழைத்துவிடும். அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்பி, ஆவி அடங்கியபின் தாமதமின்றி அடைக்க வேண்டும்.

(2) சோற்றில் வேகவைத்தும் சாகாத ஒருவகை நுண்ணுயிர் வித்துக்கள் உண்டு. வெதுவெதுப்பான நிலையில் அவை முளைத்துப் பெருகி வாந்தியை உண்டாக்கும். ஆகையால் வெளியில் வைத்த முதல்நாட் சோற்றைக் கட்டாது, அன்று காலை வடித்ததையே கட்டுக. புளி, எலுமிச்சை சேர்த்த சோறு எளிதிற் கெடாது. தேங்காய்ச் சட்னியும் தேங்காய்ப்பால் சேர்ந்தவையும் கோடையில் விலக்கத்தக்கவை.

(3) ஈரமானதையும் உலர்ந்ததையும் ஒன்றாக வைக்கலாகாது. சாம்பார் கலந்த சோறு மத்தியானத்துக்குள் கட்டியாகிவிடும். இட்டலிக்குச் சட்னிக்குப் பதிலாக மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவினால் மிருதுத்தன்மை கெடாது.

(4) தயிர்ச்சோற்றுக்குச் சோற்றைக் குழைய மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் அது தானே உறைந்து, புளிப்பின்றி இருக்கும்.

(5) கீரைப் பொரியல் நிறம் மாறி வாடை வீசும். முருங்கைக்கீரையை அடைமாவிற் கலந்து சுட்டால் பிள்ளைகள் மறுப்பதில்லை. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு உடம்பிற் சேர, எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் ஒன்று கூட இருக்க வேண்டும். ஆகாரத்தோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் அவ்விரும்பு உடம்பிற் சேர்வது குறையும்.

ஐந்து நாள் திட்டம்

திங்கள்: எலுமிச்சம்பழச் சோறு, வறுத்த நிலக்கடலை, வாழைப்பழம்.
செவ்வாய்: பொடி தடவிய இட்டலி, தேங்காய் சேராத பச்சைப்பயறுச் சுண்டல், நெல்லிக்காய்.
புதன்: முருங்கைக்கீரை அடை, வெல்லம், கொய்யாப்பழம்.
வியாழன்: புளியோதரை, அவித்த முட்டை அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல்.
வெள்ளி: தயிர்ச்சோறு, கேழ்வரகு உருண்டை, நெல்லிக்காய் ஊறுகாய்.

இவற்றுள் திங்களன்று வைப்பதில் 120 கிராம் அரிசியும், 30 கிராம் கடலையும், இரண்டு தேக்கரண்டி எண்ணெயும், ஒரு பழமும் இருக்குமாயின், ஏறக்குறைய 800 கலோரியும் 16 கிராம் புரதமும் கிடைக்கும். இது பெண்பிள்ளையின் ஒரு நாளைய தேவையில் மூன்றிலொரு பங்காகும். ஆண்பிள்ளைக்கு அரிசியைச் சற்றே கூட்டிக்கொள்ளலாம்.

பிள்ளையின் மனம்

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தோழர்களின் பார்வைக்கு அஞ்சுகிறது. கொட்டிவாக்கம் குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் நெத்திலியும் பிற சிறுமீனும் எளிதிற் கிடைக்கும். அவை மிக உயர்ந்த ஆகாரம். ஆயினும் வாடையைக் குறித்துப் பிறர் நகைப்பர் என்று அஞ்சி, பிள்ளை மூடியைத் திறவாமலே இருந்துவிடக்கூடும். அங்ஙனமாயின் மீனை இரவில் வீட்டிற் பரிமாறுவதே தகும். முதல்நாள் இரவில் இரண்டு பண்டங்களைச் சொல்லி, எது வேண்டும் என்று பிள்ளையையே கேட்க வேண்டும். தான் தெரிந்தெடுத்ததைப் பிள்ளை மிச்சம் வைப்பது அரிது.

மிஞ்சியதற்காகக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால் டப்பா காலியாகத் திரும்பும். சோறு வழியில் கொட்டப்பட்டிருக்கும். பிறகு குறையை அறிவதற்கு வழியே இராது. இரண்டு வாரம், மிஞ்சியது எது, எவ்வளவு என்று குறித்துவைத்தால் காரணம் தானே புலப்படும்.

நிலமுடையோரும் கிராம அலுவலரும் செய்யத்தக்கவை

அறுவடையானதும் நிலக்கடலை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றில் பிள்ளைகளுக்குரிய பங்கை முதலில் ஒதுக்கிய பின்னரே எஞ்சியதைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். வரப்பில் உளுந்தும், கொல்லையில் இரண்டு முருங்கையும், ஒரு கொய்யாவும் வைப்பதற்குச் செலவு மிகச் சொற்பம். கிராம அலுவலரும் ஊராட்சியாரும், பள்ளியில் கைகழுவ நீரும், உட்கார்ந்துண்ண நிழலும், அவசரமின்றி உண்ணப் போதிய நேரமும் உண்டா என்று நேரிற் பார்த்து, இல்லாவிடத்துத் தலைமையாசிரியரோடு கலந்து ஏற்பாடு செய்வார்களாக. ஒருவர் சோற்றை மற்றொருவர் நகையாடாதபடி காப்பது ஆசிரியர் கடமை.

தொட்டியில் மிஞ்சிய தீனியைக் கவனிக்கும் சிரத்தையில் பாதியை டப்பாவில் மிஞ்சிய சோற்றினிடத்தும் காட்டினால் போதும். விளைந்த தானியத்தின் பலன் பிள்ளைகளின் உடம்பிற் சேரும்.